என் பச்சைத் திரையில் உங்கள் மஞ்சள்

காஸ்தெல்ரொவாயோ,
தவளை வட்டாரம், மேல் தெரு.
ஞாயிறு, மதிய உணவுக்கு முன்.

மரியாதைக்குரிய சம்பந்தி ஓர்தென்சியா அம்மையாருக்கு, கால்வானோ தொன்யாரினி எழுதுவது.

உங்கள் மகன் லாப்போ, சென்ற வியாழக்கிழமை என் வீட்டில் என் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, என் கணினியில் நான் குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து அமைத்த பச்சை நிறங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மஞ்சளையும் சிவப்பையும் வைத்துவிட்டுப் போனார். தவளை வட்டாரத்துக் கணினியில் நத்தை வட்டாரத்து நிறங்கள். நடந்த தவறு இதுதான். மற்றவை யாவும் இதன் விளைவுகள்.

இனி முறைப்படி. தங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? தங்கள் வீட்டு முன்புறத்து எலுமிச்சை இந்த வருடமும் நன்றாகக் காய்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. இங்கு நானும் என் மனைவி இசோலீனாவும் சௌக்கியம். நம் இருவருக்கும் பொதுவான பேத்தி டெக்லாவுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் முளைத்திருக்கிறது. முதலில் பார்த்தது நான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

தாங்கள் நத்தை வட்டாரத்தில் பிறந்தவர். அது தங்கள் குற்றம் அல்ல. ஆனாலும் ஒரே ஊரில் வாழ்கிறவர் என்ற முறையில், வட்டாரங்களின் குதிரைப் பந்தயத்துக்கு முந்தைய நாள் விருந்து எங்களுக்கு எத்தகையது என்று தங்களுக்குத் தெரியும். மேல் தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மேசை போடுகிறோம். மொத்த வட்டாரமும் உட்காருகிறது. யார் பக்கத்தில் யார் என்பது சாதாரண விஷயமா? விவாகரத்தானவர்கள் இருக்கிறார்கள், சொத்து வழக்கு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், குறட்டை விடுகிற மாமனாரைப் பற்றி ஊரெல்லாம் சொன்ன மருமகள் இருக்கிறாள். முன்பு இதைக் கமிட்டி கையால் எழுதிப் போடும். வருடத்துக்கு இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்திக்கொள்ளும். தண்ணீர்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு புத்தகத்தை வாங்கி, யாரிடமும் கேட்காமல், நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, இந்த வேலையைக் கணினிக்குக் கொடுத்தேன். பெயர்களை நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கிறேன். ‘அதத் தனியா ஒரு ஃபைல்ல வெக்கணும் மாமா’ என்று உங்கள் மகன் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார். நான் அன்றே குறித்துக்கொண்டேன், இவர் எப்படிப்பட்டவர் என்று.

நிறங்களுக்கு வருகிறேன். நிரல் எழுதுகிற எடிட்டரில் ஒவ்வொரு வகைச் சொல்லும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். கட்டளைச் சொல் ஒரு நிறம், எண் ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருக்கும் பெயர் ஒரு நிறம், மனிதருக்காக எழுதி வைக்கும் குறிப்பு ஒரு நிறம். கடையிலிருந்து வரும்போது அதில் சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது. தவளை வட்டாரத்தின் விருந்தை நத்தையின் நிறத்தில் எழுதுவதா? ஒவ்வொன்றாக மாற்றினேன். கட்டளைகளுக்கு எங்கள் கொடியின் நடுப்பச்சை. பெயர்களுக்குக் கொடி ஓரத்துப் பச்சை. குறிப்புகளுக்குக் கொடி நனைந்தால் வருகிற பச்சை. எண்களுக்கு எங்கள் நீரூற்றுப் பாசி. அடைப்புக்குறிகளுக்குத் தனி. தவறுகளைக் காட்டும் அடிக்கோடு சிவப்பாக இருந்தது. அதற்கு இருப்பதிலேயே அழகான இளம்பச்சையைக் கொடுத்தேன். அன்று முதல் என் திரையில் ஒரு தவறு வந்தாலும் பார்க்க இதமாக இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருகிற @ என்ற சுருள் குறியை இத்தாலி முழுவதும் நத்தை என்றே அழைக்கிறது. அதற்குத் திரையின் நிறத்தையே கொடுத்துக் கண்ணில் படாமல் செய்தேன். அதனால் பிப்ரவரி மாதம் முழுவதும் என் முகவரியைத் தொலைபேசியில் தப்பாகப் படித்துச் சொன்னேன் என்றும், மேசை விரிப்புக்காரர் எனக்கு அனுப்பிய கடிதங்கள் எங்கேயோ போயின என்றும் சொல்கிறார்கள். போகட்டும்.

இப்போது நாற்காலி விஷயம். ஈஸ்டர் சாப்பாட்டில் உங்கள் மகன் ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே சொன்னது இது. எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்:

“மாமா, டெக்லா தவளையாவே இருக்கட்டும். உங்க நீரூற்றுலயே முழுக்கு போடுங்க. எங்கம்மாவ நான் பாத்துக்கறேன். விருந்துல மட்டும் ஜினேவ்ரா பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி போட்டுடுங்க, போதும்.”

தாங்கள் இதைக் கேட்டுக் கண் கலங்கியிருப்பீர்கள். நானும் கலங்கினேன், வேறு காரணத்துக்காக. குழந்தை எங்கள் நீரூற்றில் நனைந்தால் தவளை, உங்கள் நீரூற்றில் நனைந்தால் நத்தை. ஒரு முறை நனைந்தது நனைந்ததுதான், சாகும் வரை மாறாது. கோயில் ஞானஸ்நானம் வேறு, அதில் நமக்குள் தகராறு இல்லை. எனக்கு இருப்பது ஒரே பேத்தி. ஆனால் பந்தயத்துக்கு முந்தைய மாலை, எங்கள் குதிரைக்காரர் உட்கார்ந்திருக்கும் மேசையில், ஒரு நத்தையா? அன்று இரவு உங்களைப் பற்றி நாங்கள் பாடும் பாட்டுகள் தங்களுக்குத் தெரியும். அவர் அங்கே முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குப் பாட வாய் வரும்?

முடியாது என்றேன். என் மகள் ஜினேவ்ரா தட்டைத் தள்ளிவிட்டாள்.

“அப்பா, நாற்காலி இல்லேன்னா நீரூற்றும் இல்ல. விருந்து அன்னிக்கு, சனிக்கிழமை காலைல, டெக்லாவத் தூக்கிட்டு நேரா அவங்க பாட்டி வட்டாரத்துக்குப் போயிடுவேன். அங்க அவளுக்கு மஞ்சள் துணி கட்டுவாங்க. நீங்க இங்க உக்காந்து உங்க அடைப்புக்குறிக்குப் பச்சை அடிங்க.”

“போடுறேன்னு சொல்லித் தொலையேன்யா,” என்றாள் இசோலீனா. “நாற்காலி என்ன உன் முதுகுலயா போடப் போறாங்க?”

போடுகிறேன் என்றேன். பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தேன். பிறகு சென்ற திங்கட்கிழமை, மனசாட்சி உறுத்தி, அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு சாய்கோட்டையும் ஒரு நட்சத்திரத்தையும் போட்டேன். அப்படிப் போட்டால் நடுவில் இருப்பதைக் கணினி குறிப்பு என்று எண்ணித் தாண்டிப் போய்விடும். பெயர் இருக்கும், ஆனால் நாற்காலி இருக்காது. மகள் வந்து பார்த்தால் பெயர் இருக்கிறது. விருந்தன்று நாற்காலி இல்லாவிட்டால் கணினியின் பிழை. தங்களிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? தாங்கள் என் இடத்தில் இருந்தால் பெயரையே அழித்திருப்பீர்கள்.

வியாழக்கிழமை அவர் வந்தார். சாப்பாடானதும் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்தார்.

“மாமா, இதுல எது எதுன்னு எப்படித் தெரியுது? எல்லாம் ஒரே கீரையா இருக்கு.”

“எனக்குத் தெரியும்.”

“கண்ணு போயிடும். வேற ஒரு கலர் செட் போட்டுத் தரேன். பிடிக்கலேன்னா மாத்திக்குங்க.”

நான் மறுத்தேன். இசோலீனா என்னை நிலவறைக்கு அனுப்பினாள், இனிப்பு ஒயின் எடுத்து வரச் சொல்லி. நான் மேலே வந்தபோது அவர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. ஒயினை நின்றுகொண்டே குடித்தார். கதவருகில் திரும்பி, “மாமா, காலைல அந்தச் சாம்பல் கலர்ல இருக்கறத மட்டும் ஒரு தடவ பாருங்க, சரியா?” என்றார். சாப்பிட்ட வீட்டில் சாம்பலைப் பற்றி யாராவது பேசுவார்களா?

மறுநாள் காலை, கமிட்டி வந்தது. எங்கள் வட்டாரத் தலைவி ஸாய்ரா வன்னோத்ஸி அம்மாள், பாட்டுக் குழுவின் கொர்ராதோ, இன்னும் நாலைந்து பேர், என் பின்னால் வரிசையாக நின்றார்கள், மேசை அமைப்பைப் பார்வையிட. நான் எடிட்டரைத் திறந்தேன்.

மஞ்சள், அம்மையாரே. கட்டளைகள் மஞ்சள். பெயர்கள் ஒவ்வொன்றும் நத்தைச் சிவப்பு. என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. அதைவிட மோசம், பட்டியலின் பாதி வரைதான் சிவப்பு. உங்கள் மகனின் லூனார்தி என்ற பெயரிலிருந்து கீழே, இத்தாலிய அகரவரிசையில் அவருக்குப் பின்னால் வருகிற அத்தனை தவளைகளும், செத்தவர்களைப் போலச் சாம்பல் நிறத்தில் கிடந்தார்கள். பங்குத்தந்தை நென்சீனி சாம்பல். எங்கள் குதிரைக்காரர் பிராஸ் சாம்பல். தலைவி வன்னோத்ஸி சாம்பல். உயிரோடு அங்கே உட்கார்ந்திருந்த என் பெயர், தொன்யாரினி, சாம்பல்.

“கால்வானோ,” என்றார் தலைவி, “எப்பலேர்ந்து?”

“எது எப்பலேர்ந்து?”

“நீ அந்தப் பக்கம் போனது.”

“மருமகன் நத்தைன்னா மாமனாருக்கும் கொம்பு முளைக்காமலா இருக்கும்?” என்றான் கொர்ராதோ. இவன் பாட்டு எழுதுகிறவன், எதையும் சும்மா விடமாட்டான். மதியத்துக்குள் கீழ்த்தெரு வரை பேச்சு போய்விட்டது. ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

பழைய நிறங்களை மீட்கப் பார்த்தேன். உங்கள் மகன் அவற்றை அழிக்கவில்லை என்பது உண்மை. வேறொரு பெயரில் பத்திரமாக வைத்திருந்தார். என்ன பெயர் தெரியுமா? ‘கிழத் தவளை’. மாமனார் அமுக்க வேண்டிய இடத்துக்கு வைக்கிற பெயரா இது? நான் அதைத் தொடவில்லை. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அமைப்பது என்று முடிவு செய்து, என் மேல் விழுந்த பழியைத் துடைப்பதற்காக, எந்தப் பச்சை என்பதை வட்டாரச் சபையே தீர்மானிக்கட்டும் என்றேன். அது தவறு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன், ஆனால் நேரம் பிடித்தது. பழைய கொடியின் பச்சை என்றார்கள் ஒரு சாரார். பழைய கொடி வெயிலில் வெளுத்துப் போனது, அது பச்சையே அல்ல, கீரை வேகவைத்த தண்ணீர் என்றார் தலைவி. அடைப்புக்குறியைத் திறக்கும்போது ஒரு பச்சையும் மூடும்போது வேறு பச்சையும் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வாக்கெடுப்பு நடந்தது. புதிய கொடி ஜெயித்தது. கொடியை மடித்து எடுத்துக்கொண்டு காகம் வட்டாரத்து நேதோவின் பெயின்ட் கடைக்குப் போனேன். அவனிடம் எந்தத் துணியைக் காட்டினாலும் அதன் நிறத்துக்கு எண் சொல்லும் கருவி இருக்கிறது.

“சுவருக்கா, மரத்துக்கா, இரும்புக்கா?”

“அடைப்புக்குறிக்கு.”

“உள்ளயா, வெளியயா?”

“ரெண்டு பக்கமும்.”

“அப்ப மழ படும்,” என்றான் நேதோ. “எண்ணெய்ப் பெயின்ட்தான் தாங்கும். முதல்ல ஒரு பூச்சு, காஞ்சப்புறம் இன்னொண்ணு.”

எண்ணை மட்டும் கேட்டால் தரமாட்டானாம். ஒரு டப்பாவையும் தலையில் கட்டினான். வீட்டுக்கு வந்து அந்த எண்ணைக் கணினியில் போட்டேன். பெயின்ட் கடை எண்ணும் கணினி எண்ணும் உறவினர்கள் அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. வட்டார வரலாற்றிலேயே முதல் முறையாக, தவளை வட்டாரத்தின் விருந்து முழுவதும் பன்றிக்கறித் துண்டின் இளஞ்சிவப்பில் நின்றது. இசோலீனா கதவருகில் வந்து பார்த்தாள்.

“பசிக்குது,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியில் கண்ணால் பார்த்தே, ஒவ்வொன்றாக, என் எல்லாப் பச்சைகளையும் திரும்பக் கொண்டுவந்தேன். சாம்பலாகக் கிடந்தவர்கள் மறுபடி பச்சையானார்கள். மனம் நிறைந்தது. நேற்று இருக்கை அட்டைகளை அச்சிட்டேன். லூனார்தி என்று ஓர் அட்டை வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். வரவில்லை. சரிதான் என்று வட்டார மண்டபத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.

இன்று காலைப் பூசை முடிந்து மொத்த வட்டாரமும் மண்டபத்துக்குப் போனது. பாதிப் பேருக்கு நாற்காலி இல்லை. தலைவிக்கு இல்லை. பங்குத்தந்தைக்கு இல்லை. குதிரைக்காரர் பிராஸ் சர்தீனியாவிலிருந்து வந்தவர், எங்களுக்காக உயிரைப் பணயம் வைத்து ஓட்டப் போகிறவர், சுவரின் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தன் பெயரைத் தேடியபடி நின்றார். எனக்கு இல்லை. இசோலீனாவுக்கு இருந்தது, அவள் பிறந்த வீட்டுப் பெயர் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஜினேவ்ராவுக்கு இல்லை, அவள் பட்டியலில் இன்னும் தொன்யாரினிதான். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரை இரண்டு தடவை படித்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“லாப்போவுக்கு இல்ல. எனக்கும் இல்ல. சரிப்பா, புரிஞ்சுது,” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இது முழுக்க உங்கள் மகன் நிறங்களைத் தொட்டதால் வந்தது. அவர் யாரையெல்லாம் சாம்பலாக்கினாரோ, அவர்கள் அத்தனை பேருக்கும்தான் நாற்காலி போயிருக்கிறது, ஒருவர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சபை இப்போது மேசை வேலையை என்னிடமிருந்து பிடுங்கிப் பங்குத்தந்தையிடம் கொடுக்கப் பார்க்கிறது. அவருக்கு ஒரு நிறம்கூட அமைக்கத் தெரியாது.

ஆகவே செய்யப்பட வேண்டியவை. உங்கள் மகன் சபையின் முன் நின்று, மஞ்சளை வைத்தது தானே என்றும் மாமனார் இன்னும் தவளைதான் என்றும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ‘கிழத் தவளை’ என்ற பெயரை அவரே மாற்ற வேண்டும். தாங்கள், குழந்தைக்கு உங்கள் நீரூற்றில் முழுக்கு கிடையாது என்று ஜினேவ்ராவிடம் மறுத்துவிட வேண்டும். அது தங்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் நீதி. நேதோ டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஜினேவ்ரா என்னோடு பேச வேண்டும். நான் செய்ய வேண்டியது என்று எதையும் யோசித்துப் பார்த்தேன், தென்படவில்லை.

தங்கள் முழங்காலும் எலுமிச்சையும் நலமாக இருக்கட்டும். பந்தயத்தில் தங்கள் குதிரை பத்திரமாக, எங்களுக்குப் பின்னால், வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
கால்வானோ தொன்யாரினி,
தவளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இசோலீனா என்னைக் கேட்காமல் உங்கள் மகனுக்குப் போன் செய்துவிட்டாள். வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பட்டியலைத் திறந்து, தன் பெயருக்குப் போனார். குறிப்பைத் திறக்கும்போது சாய்கோடு, பிறகு நட்சத்திரம். மூடும்போது நட்சத்திரம் முதலில் வர வேண்டுமாம். நான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டிருக்கிறேன். அதனால் அது மூடவே இல்லை. பட்டியலின் அடியில் ‘தவளைகள் இத்துடன் முடிந்தார்கள்’ என்று நான் எழுதி வைத்த குறிப்பின் முடிவு வரை, வழியில் இருந்த எல்லோரையும் விழுங்கிவிட்டது. அவர் நிறங்களில் அது சாம்பலாகத் தெரிந்தது. என் பச்சைகளில் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், அதைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

அவர் அந்த இரண்டு குறிகளை இடம் மாற்றினார். தலைவி வந்தார், பங்குத்தந்தை வந்தார், குதிரைக்காரர் வந்தார், நான் வந்தேன், என் மகள் வந்தாள். அவருடைய பெயர் மட்டும் வரவில்லை. அதைக் குறிக்குள்ளேயே, ஒழுங்காக மூடி, விட்டுவிட்டார்.

“இது?” என்றேன்.

“அது நீங்க போட்டதுதானே மாமா. அது தப்பில்ல.”

“வியாழக்கிழமையே பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஜினேவ்ராகிட்ட?”

“சொல்லல. சொன்னா டெக்லா உங்க நீரூற்றுக்கு வரமாட்டா. பாவம், நீங்க அந்தப் பாசியக்கூடக் கலரா வெச்சிருக்கீங்க.” பிறகு கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, “குழந்தை தவளைதான் மாமா. வாக்கு குடுத்தாச்சு. நாற்காலிக்காகக் குடுக்கல,” என்றார்.

அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அந்தக் குறிகளை, திறக்கிறதையும் மூடுகிறதையும், நானே எடுத்துவிட்டேன். லூனார்தி சிவப்பாக வந்து நின்றார். மஞ்சளை மறுபடி போட்டது யார் என்று தாங்கள் கேட்க வேண்டாம். விருந்துக்குள் பச்சையைச் சரிசெய்ய நேரம் இல்லை, அதனால்தான்.

ஆகவே மேலே எழுதிய செய்யப்பட வேண்டியவை ரத்து. கடிதத்தைத் திரும்ப எழுதப் பொறுமை இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன். இப்போது செய்யப்பட வேண்டியவை இவை. ஜினேவ்ரா சனிக்கிழமை காலை குழந்தையை நீரூற்றுக்குக் கொண்டுவர வேண்டும், லாப்போ குழந்தையைத் தண்ணீருக்கு மேல் பிடித்துக்கொள்ள வேண்டும். மாலையில் அவர் ஜினேவ்ராவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார வேண்டும். கொர்ராதோ நத்தைப் பாட்டுகளில் நத்தைகளின் தாயைக் கேலி செய்யும் பாட்டை மட்டும் இந்த வருடம் விட வேண்டும், நான் சொல்லிவிட்டேன். ஏனென்றால் பட்டியலில் லாப்போவுக்கு அடுத்து ஓர்தென்சியா லூனார்தி என்று இன்னொரு பெயரையும் எழுதியிருக்கிறேன். தாங்கள் வர வேண்டும். மஞ்சள் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வரக் கூடாது. கைப்பைக்குள் இருந்தால் நான் பார்க்கவில்லை.